பின் பிடிக்கிறதா பாருங்கள், பாலிஷ் அப்புறம்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் எலத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. என் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். சுரங்கத்தில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன பியானோவை வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். அம்மா கோயில் பாட்டுகளை அதில்தான் வாசிப்பார். அவர் போன பிறகு முப்பது வருஷமாக அதை யாரும் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கிற மேடையாக மட்டும் ஹாலில் ஜன்னலோரம் நிற்கிறது. பேத்தி ஓசூரில் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். போன மாதம் வந்தபோது திறந்து வாசித்துப் பார்த்தாள். இருபது கீ போலச் சத்தமே இல்லை, நாலைந்து கீ அமுக்கினால் மேலே எழும்பவில்லை, மற்றது கரகரக்கிறது, அவளுடைய கீபோர்டோடு சுருதியும் சேரவில்லை. ஹார்மோனியம் ரிப்பேர் செய்கிற ஒருவர் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார், இன்னும் மோசமாகிவிட்டது. பெங்களூரில் ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய் முழுசாகப் புதுசாக்கித் தர இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார். பழைய சாமான் வாங்குபவர் கீ மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தகடுகளை மட்டும் கேட்கிறார். செலவு செய்யலாமா, விட்டுவிடலாமா? நானே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்:

அம்மா, வணக்கம். இரண்டரை லட்சத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்தப் பெங்களூர்க்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. கம்பி மொத்தமும் மாற்றி, கம்பி சுற்றிய ட்யூனிங் பின்கள் இறங்கி நிற்கிற மரமான பின் பலகையைப் புதிதாகப் போட்டு, கம்பியை அடிக்கிற ஹாமர்களை மாற்றி, மரத்துக்குப் பாலிஷும் போட்டால் அவ்வளவு ஆகத்தான் செய்யும், சில பியானோவுக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் மூடியைத் திறந்து ஒரு பின்னைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் போட்டோவை வைத்து முழு வேலைக்கு விலை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பியானோவுக்கு முழு வேலை தேவையா என்பதே இன்னும் யாருக்கும் தெரியாது.

நீங்கள் எழுதியிருக்கிற குறைகளில் முக்கால்வாசி, பியானோ பழுது பார்க்கிற என் தொழிலில் சில்லறை வேலை. சத்தம் வராத கீ, எழும்பாத கீ, எண்ணெய், தூசி எல்லாம் நேரம் பிடிக்கும், பெரிய பணம் பிடிக்காது. செலவு செய்யலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்கிற விஷயம் ஒன்றுதான், அதை நீங்கள் கேட்கவே இல்லை. ட்யூனிங் பின்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனவா?

கொஞ்சம் விளக்குகிறேன். உங்களுடையது 85 கீயோ 88 கீயோ, உள்ளே இருநூறுக்கு மேல் கம்பிகள் இருக்கும். நடுவிலும் மேல்பக்கமும் ஒரு கீக்கு மூன்று கம்பி, கீழே வரவர இரண்டு, கடைசியில் ஒன்று. எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு பதினைந்து டன் பக்கம் வரும். அந்தப் பாரத்தை உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம் தாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு கம்பியின் மேல்முனையும் சுற்றியிருக்கிற பின், பீச் அல்லது மேப்பிள் மாதிரி கெட்டி மரத்தில் துளை போட்டு அடித்து இறக்கியது. அதைப் பிடித்து நிறுத்த நட்டு போல்ட்டு எதுவும் கிடையாது, மரத்தின் இறுக்கம் மட்டும்தான். நம் பக்கத்துச் சீதோஷ்ணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசி கடைசியில் தொடங்கி மாம்பழ சீசன் வரைக்கும் வறட்டு வெயில், ஐப்பசி கார்த்திகையில் ஈரம். மரம் வருஷா வருஷம் ஊதிச் சுருங்கி, சுருங்கி ஊதி, ஒரு கட்டத்தில் துளை தளர்ந்துவிடும். அப்புறம் காலையில் ட்யூன் பண்ணினால் சாயங்காலத்துக்குள் பின் திரும்பிக்கொள்ளும். அந்த நிலைக்குப் போன பியானோவுக்கு வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது அலமாரிதான்.

சரி, இதை எப்படித் தெரிந்துகொள்வது? கடைசி வார்த்தை ட்யூனர் சொல்ல வேண்டியது, அவர் லீவரை மாட்டித் திருப்பும்போது கையிலேயே தெரிந்துவிடும். ஆனால் பாதி பதிலை நீங்களே கண்டுபிடிக்கலாம். பேத்தி அடுத்த முறை வரும்போது கீபோர்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பியானோவில் நடு ஸி-யை அழுத்துங்கள். கீபோர்டில் ஸி-யிலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொரு கீயாக இறங்கி, எதோடு சேர்கிறது என்று கேளுங்கள். அடுத்தாற்போல் இருக்கிற பி-யோடு சேர்ந்தால் அரைக்கட்டை இறங்கியிருக்கிறது, அதற்கும் அடுத்த கறுப்புக் கீயோடு சேர்ந்தால் ஒரு கட்டை. இதே மாதிரி மேலும் கீழும் சத்தம் வருகிற எல்லா ஸி, எல்லா ஜி, முடிந்தால் எல்லா வெள்ளைக் கீயையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தால் சந்தோஷப்படுங்கள். கம்பி இழுபட்டு, மரம் அசைந்து, முப்பது வருஷத்தில் மொத்தமாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பின்கள் தங்கள் இடத்தில் நின்றிருக்கின்றன. ஒரு கீ அரைக்கட்டை, பக்கத்துக் கீ ஒன்றரைக் கட்டை, அதற்குப் பக்கத்தில் ஒரே கீயில் மூன்று கம்பியும் மூன்று சுருதியில் அலறுகிறது என்று திட்டுத்திட்டாக இருந்தால்தான் கவலை. அதிலும், பியானோ முழுக்கப் பரவலாக அங்கொன்று இங்கொன்று என்றால் அந்தப் பின்களை மட்டும் சரி செய்யலாம். ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து கீ வரிசையாக மோசமாக இருக்கிறது என்றால் அந்த இடத்தில் பின் பலகையே விரிந்திருக்கலாம். அது வேறு கதை, கடைசியில் சொல்கிறேன்.

இந்த நோட்டு கையில் இருந்தால், நீங்கள் எந்த ட்யூனருக்கு ஃபோன் செய்தாலும் அவர் உங்களை வேறு மரியாதையோடு கேட்பார்.

"சுருதியை மேலே ஏற்றிக் கீபோர்டோடு சேர்த்துவிட முடியாதா" என்று அடுத்து கேட்பீர்கள். முடியும், ஆனால் நான் ஏற்ற மாட்டேன், குறைந்தபட்சம் முதல் வருஷம் மாட்டேன். அரைக்கட்டை ஏற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு கம்பியின் இழுப்பும் சுமார் 12 சதவிகிதம் கூட வேண்டும். பதினைந்து டன் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட இரண்டு டன் புதிதாக ஏறுகிறது. துருப்பிடித்த கம்பி, முக்கியமாகப் பின்னைச் சுற்றி வளைகிற இடத்திலும் பிரிட்ஜ் என்கிற, கம்பியைத் தாங்கும் மரக்கட்டையில் மடங்குகிற இடத்திலும், பட்டென்று அறுந்துவிடும். ஒன்று இரண்டு அறுந்தால் மாற்றலாம். தாமிரம் சுற்றிய பேஸ் கம்பிகள் அறுந்தால் அளவெடுத்துத் தனியாகச் சுற்றச் சொல்லி வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இன்று உலகம் பூராவும் ஏ என்கிற சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்று வைத்திருக்கிறோமே, அது 1939-ல் லண்டனில் கூடிப் பேசி ஒத்துக்கொண்டது. அதற்கு முன்னால் பிரான்ஸில் 1859-லிருந்து 435, இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கச்சேரிகளுக்கு 450-க்கும் மேலே. அதனால் உங்கள் பியானோ 440-ல் இல்லையென்றால் அது ஊனம் ஒன்றுமில்லை. அரைக்கட்டை கீழே, அதாவது 415 பக்கம், தனக்குள் சுத்தமாகச் சேர்ந்து நின்றால் போதும். பேத்திக்கு ஒரு வழி சொல்லுங்கள். அவளுடைய கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கும், அதில் மைனஸ் ஒன்று வைத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். பாட்டி வீட்டில் இருக்கும்வரை மைனஸ் ஒன்று, ஓசூர் போனதும் பூஜ்யம். தேர்வுக்கு வாசிக்கப் போகிறாள் என்றால் மட்டும், ட்யூனர் கம்பிகளைப் பார்த்துவிட்டு தைரியம் சொன்ன பிறகு, இரண்டு மூன்று தவணையாக ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போது பெட்டியைத் திறப்போம். இது நீங்களே செய்யலாம், கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. மேல்மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் மரத்தாலோ இரும்பாலோ சின்னக் கொக்கி இருக்கும். அதைத் திருப்பினால் முன்பக்க மேல்பலகை கையோடு வரும். கீழ்ப்பலகைக்கு, கீ வரிசைக்கு அடியில் தடவினால் ஒரு தட்டையான ஸ்பிரிங் அகப்படும், அதை மேலே அமுக்கிப் பலகையை உங்கள் பக்கம் சாய்த்தால் வந்துவிடும். கையை உள்ளே விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். முப்பது வருஷம் திறக்காத பெட்டி, நம் ஊர், தேள் இருக்கலாம். எலிப்புழுக்கை காய்ந்து தூளாகக் கிடக்கும், மாஸ்க் போடாமல் தூசி தட்ட வேண்டாம். அடியறையை மட்டும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள், குழாய் வாயில் ஒரு மெல்லிய துணியைக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கழன்று விழுந்திருக்கிற சின்னத் தோல் துண்டும் மர ஆப்பும் உள்ளே போய்விடும். கீழே கிடக்கிற எந்த மரத்துண்டையும் எறியாதீர்கள், ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். எனக்கு அது ஒன்றொன்றும் எங்கிருந்து விழுந்தது என்று தெரியும், புதிதாகச் செய்வதைவிட அதையே ஒட்டுவது சுலபம்.

அங்கே என்ன பார்ப்பீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். குடில் வைப்பதாக எழுதியிருக்கிறீர்களே, மணல் பரப்பி, கேழ்வரகு தெளித்து முளைக்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளிப்பீர்கள்தானே? அந்த மேல்மூடியின் நடுவில் நீளமாக ஒரு கீல் ஓடும், மணலும் தண்ணீரும் இறங்க அது தாராளமான வழி. மணல் நேராகக் கீகளுக்கு இடையில் போய் உட்காரும், எழும்பாத நாலைந்து கீயில் குறைந்தது இரண்டு அதனால்தான் என்று பந்தயம் கட்டுவேன். தண்ணீர் நேராகப் பின்கள் மேல். முளைத்தது போக மிச்சம் விழுந்த கேழ்வரகுக்கு எலி வரும். வந்த எலிக்கு உள்ளே இருக்கிற கம்பளியும் தோலும் கூடு கட்டத் தோதான சரக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் தொழிலில் பார்க்கிற பியானோக்களில் பூச்சட்டி வைக்காதது அபூர்வம். இந்த வருஷத்திலிருந்து குடிலை டீப்பாய்க்கு மாற்றிவிடுங்கள்.

சத்தம் வராத கீக்கு வருகிறேன். மேல்பலகையைக் கழற்றிய பிறகு ஒரு ஊமைக் கீயை மெதுவாக அழுத்தி, அதற்கு நேரே இருக்கும் ஹாமர் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஹாமர் என்றால் மரத்தண்டின் நுனியில் கெட்டிக் கம்பளி சுற்றிய தலை, அதுதான் கம்பியை அடிக்கிறது. ஹாமர் அசையவே இல்லை என்றால், கீ கீழே போகும்போது அதைத் தள்ளுகிற ஜாக் என்ற சின்ன மரத்துண்டு விலகியிருக்கிறது, அல்லது அதன் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. அந்தக் காலத்துப் பசை மிருகத் தோலிலிருந்து காய்ச்சியது, நம் ஆசாரிகள் வஜ்ஜிரம் என்பார்களே அதே வகை. நல்ல பசைதான், ஆனால் பல வருஷ வெயிலில் உடைந்து பொடியாகும், மறுபடி ஒட்டினால் வேலை முடிந்தது. ஹாமர் பாதி தூரம் போய் நிற்கிறது அல்லது போனது திரும்பவில்லை என்றால், அதன் கீல் ஊசி இறுகியிருக்கிறது. ஹாமர் தண்டே முறிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். ஹாமர் நன்றாக அடிக்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கும்.

அந்த ஹாமர்களுக்குக் கீழே வரிசையாகச் சின்ன நாடா தொங்க வேண்டும், அரை விரல் அகலம்கூட இருக்காது, நுனியில் குட்டித் தோல். பிரைடில் டேப் என்போம். ஹாமரைத் திரும்ப இழுத்துக்கொள்ள உதவுகிறது, கீழே இருக்கும் பாகங்கள் தொங்கி விழாமலும் பிடித்துக்கொள்கிறது. எலிக்கு முதலில் பிடிப்பது அந்தத் தோல்தான். உங்களுடையதில் பாதி மிஞ்சியிருந்தால் ஆச்சரியம். ஒரு செட் முழுக்க மாற்றுவது பியானோ வேலையிலேயே மலிவானது, பலன் மட்டும் உடனே விரலில் தெரியும்.

தேங்காய் எண்ணெய் விட்டவரைத் திட்ட வேண்டாம், ஹார்மோனியத்தில் கை பழகியவர், நல்ல மனசோடு செய்திருப்பார். ஆனால் பியானோ கீயின் துளைகளில் மெல்லிய கம்பளித் துணி ஒட்டியிருக்கும். எண்ணெய் பட்டதும் அது ஊறிக் கீயை இறுக்கிப் பிடிக்கும், தூசியோடு சேர்ந்து பசையாகும். அதோடு, மார்கழியில் பாட்டிலிலேயே தேங்காய் எண்ணெய் உறைகிற ஊர் நம்முடையது, கீக்குள்ளும் உறையத்தானே செய்யும்? இதற்கு மேல் எதுவும் விடாதீர்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், மிஷின் ஆயில் வேண்டாம், துருவுக்கென்று டப்பாவில் விற்கிற ஸ்பிரே கண்டிப்பாக வேண்டாம். அந்த ஸ்பிரே பின்கள் மேல் பட்டு மரத்துக்குள் இறங்கினால் பின் வழுக்கத் தொடங்கும், அப்புறம் நான் மேலே சொன்ன நல்ல செய்தி எல்லாம் போச்சு. எண்ணெய் ஊறிய துணியைப் பிய்த்துப் புதுத் துணி ஒட்டுவதுதான் மருந்து, அதை ட்யூனர் செய்வார்.

பின்களை நீங்கள் தொடக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மொபைலில் ட்யூனர் ஆப் இருக்கிறது, ஸ்பேனர் வீட்டில் இருக்கிறது, யாராவது ஒரு உற்சாகமான மருமகன் கிளம்பிவிடுவார். பின்னின் தலை சதுரமாக, நுனியை நோக்கிச் சற்றே குறுகியிருக்கும். ஸ்பேனர் அதன் முனைகளை மழித்துவிடும், பிறகு சரியான லீவரும் பிடிக்காது. தவிர, திருப்புவது பாதி வேலைதான், திருப்பிய இடத்தில் பின்னையும் கம்பியையும் நிலைக்க வைப்பது மீதி. அது வருஷக்கணக்கில் கை பழகி வருவது.

எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று பெங்களூர்க்காரர் சொன்னது பற்றி. அவசியமில்லை. ஆக்‌ஷன் என்று சொல்கிற அந்த ஹாமர் தொகுதி முழுக்க மூன்று நான்கு திருகைக் கழற்றினால் ஒரே துண்டாக வெளியே வரும், கீகளையும் வரிசையாக உருவி எடுக்கலாம், ஒவ்வொன்றின் மரத்திலும் எண் குத்தியிருக்கும். இரண்டும் ஒரு காரின் பின் சீட்டில் போய்விடும். பட்டறை வேலை அவற்றுக்குத்தான். இருநூறு இருநூற்றைம்பது கிலோ இருக்கிற பெட்டி உங்கள் ஹாலிலேயே நிற்கட்டும், கம்பி, பின், பிரிட்ஜ் வேலையை ட்யூனர் வீட்டுக்கு வந்து செய்வார். பெட்டியை லாரியில் ஏற்றி இறக்குகிற செலவும் மிச்சம், கீழே போடுவார்களோ என்ற பயமும் மிச்சம். ஆக்‌ஷனை நீங்களாகக் கழற்ற வேண்டாம், தூக்கும்போது ஹாமரோ தண்டோ எதிலாவது தட்டினால் உடையும்.

உள்ளூர் ஆசாரிக்கும் வேலை உண்டு. பெயர்ந்த வெனீரை ஒட்டுவது, கீல் மாற்றுவது, கால் சக்கரம் மாற்றுவது, கரையான் தின்ற அடிச்சட்டத்தை மாற்றுவது எல்லாம் அவர் தாராளமாகச் செய்யலாம். பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குப் போட்டிருப்பது அரக்கு பாலிஷ். மேலே பளபளப்பு பெயின்ட் அடிக்க மட்டும் விடாதீர்கள், அடித்துவிட்டால் பிறகு சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போகும். கரையானுக்கு மருந்து அடிப்பவர் வந்தால் தரைக்கும் சுவருக்கும் அடிக்கட்டும், பியானோவுக்குள் அடிக்க வேண்டாம். கம்பளியைத் தின்கிற அந்துப்பூச்சிக்கு, அந்துருண்டையைத் துணியில் முடிந்து அடியறையில் தொங்கவிட்டால் போதும், கீ மேலோ ஹாமர் மேலோ போடக்கூடாது.

வெள்ளைத் தகடுகளைக் கேட்கும் அந்தப் பழைய சாமான்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு வெள்ளைக் கீயை உற்றுப் பாருங்கள். கறுப்புக் கீகள் முடிகிற இடத்தில் குறுக்கே மயிரிழை போல ஒரு இணைப்புக் கோடு இருந்து, வெளிச்சத்தில் சாய்த்தால் மரத்தில் இருப்பது போல மெல்லிய ரேகைகளும் தெரிந்தால் அது யானைத் தந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடும் ரேகையும் இல்லாமல் ஒரே துண்டு என்றால் பெரும்பாலும் செல்லுலாய்ட். தந்தம் வாங்குவதும் விற்பதும் இங்கே குற்றம். வெளிநாட்டிலிருந்து வந்த தந்தத்துக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் கொண்டு வந்த திருத்தம் தடை போட்டுவிட்டது. தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் யானை வந்து போகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதில் வனத்துறையிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். பியானோவையே விற்கிற எண்ணம் வந்தாலும் முதலில் ஒரு வக்கீலைக் கேளுங்கள். தந்தமா என்று பார்க்க ஊசியைக் காய்ச்சிக் குத்தச் சொல்வார்கள், செய்யாதீர்கள், செல்லுலாய்ட் என்றால் குபீரென்று பற்றும். மஞ்சளித்திருப்பது அழுக்கு இல்லை, வயசு. ஈரத்துணியைப் பிழிந்து உங்கள் பக்கமாகத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

இடம். ஜன்னலோரம் கூடாது, அதுவும் மேற்கு ஜன்னல் என்றால் இன்றைக்கே நகர்த்துங்கள். உள்சுவர் ஓரமாக, சுவரிலிருந்து நாலைந்து விரல்கடை தள்ளி வையுங்கள், ஏனென்றால் அப்ரைட் பியானோவுக்குச் சத்தம் தருகிற சவுண்ட் போர்டு முதுகுப்பக்கம் இருக்கிறது. நான்கு பேர் பிடித்துத் தூக்கி வையுங்கள், உருட்டினால் பழைய சக்கரம் டைல்ஸையும் கீறும், தானும் உடையும். பின்பக்கமாகச் சாயக்கூடிய சாமான், பின்னால் யாரும் நிற்க வேண்டாம். ஏர் கூலரின் காற்று அதன் மேல் படவே கூடாது, அது ஈரக்காற்று. ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பியானோ மேல் வையுங்கள். 40-க்கும் 60-க்கும் நடுவில் நின்றால் நல்லது. நம் பக்கத்தில் வருஷம் பூராவும் அப்படி நிற்காது, தெரியும். சித்திரை வெயிலில் மத்தியானம் ஜன்னலைச் சாத்தி வைப்பது, மழை நாட்களில் மேல்மூடியையும் கீமூடியையும் மூடி வைப்பது, இவ்வளவு செய்தாலே ஏற்ற இறக்கம் பாதியாகும்.

தங்கவயல் பங்களாக்களுக்கு வந்த பியானோ என்பதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெப்ப நாடுகளுக்கு என்றே இங்கிலாந்திலிருந்து அனுப்பிய பியானோக்களில் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். உள்ளே ஒட்டுகளில் பித்தளை மின்னினால் அந்த வகை, பெட்டி பிரியாமல் நிற்கும். மூடியில் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா என்று கடைப்பெயர் இருந்தால் அதைத் தயாரிப்பாளர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விற்ற கடையின் பெயரைப் பொறிப்பது வழக்கம். இரும்புச் சட்டத்திலோ உள்மரத்திலோ வரிசை எண் இருக்கும், அதைப் போட்டோ எடுங்கள்.

போட்டோ என்றதும் நினைவு வருகிறது. ட்யூனருக்கு அனுப்ப இன்னும் மூன்று எடுங்கள். பின்கள் இருக்கும் மேல்பகுதி கிட்டத்தில், ஆக்‌ஷன் முன்பக்கம் முழுதாக, அடியறை. பின்கள் இரும்புச் சட்டத்தின் துளை வழியாக இறங்குகின்றனவா, அல்லது சட்டம் கீழேயே முடிந்து பின்கள் வெறும் மரத்தில் தெரிகின்றனவா என்பது அவருக்கு முக்கியம், இரண்டாவது வகை பழசு, சுருதி அதிகம் அலையும். ஹாமர்களுக்கு முன்னால் மெல்லிய கம்பிகள் கூண்டுக் கம்பி போல வரிசையாகத் தெரிந்தால் அது ஓவர்டாம்பர் வகை. அந்த வகையைச் சிலர் தொட மாட்டார்கள், கம்பியின் சத்தத்தை அடக்குகிற டாம்பர் மேலே இருப்பதால் எதை எடுக்கவும் வழிமறிக்கும். அதனால் ஃபோனிலேயே "ஓவர்டாம்பர் பார்ப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள், வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிப் போவதற்கு வண்டிச் செலவு கொடுக்க வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் கூப்பிடு தூரம், அங்கே ஆள் இருக்கிறார்கள். முதல் வருகைக்கு, பார்த்துச் சுத்தம் செய்து பின்களைச் சோதித்து எழுதித் தருவதற்கு மட்டும் பேசுங்கள், அது சில ஆயிரத்தில் முடியும். எந்தப் பகுதியில் எத்தனை பின் தளர்வு என்று தாளில் எழுதி வாங்குங்கள்.

தளர்வு கொஞ்சம்தான் என்றால், அந்தப் பின்களைக் கழற்றி ஒரு சைஸ் தடிமனான பின் போடலாம். பரவலாக இருந்தால், தண்ணீர் போல ஓடுகிற சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ வகை) பசையைப் பின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு மரத்தை இறுக்குவது இப்போது பலரும் செய்கிற வழி. இரண்டரை லட்சத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது, உங்கள் மாதிரி பியானோவுக்கு நான் முதலில் முயன்று பார்ப்பது அதைத்தான். கடையில் கிடைக்கிற குட்டி டியூபை வாங்கி நீங்களே விட வேண்டாம், எந்தப் பதம், எவ்வளவு, பெட்டியை எப்படிச் சாய்ப்பது என்று கணக்கு உண்டு, அதன் புகையும் கண்ணுக்கு ஆகாது. இதற்கும் பிடிக்கவில்லை, பலகையே விரிந்துவிட்டது என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், அந்தப் பணத்தை அதில் போடாதீர்கள். பேத்திக்கு எடையுள்ள கீ வைத்த ஒரு நல்ல டிஜிட்டல் பியானோ அதில் பாதிக்குள் வரும். அம்மாவின் பியானோவை ஆக்‌ஷன் மட்டும் சரி செய்து, நிற்கிற சுருதியில் நிற்கிறபடி ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்திருக்கிற வீடுகள் நிறைய.

பின் பிடிக்கிறது என்று வந்துவிட்டால், நாடா, துணி, ஒட்டு வேலை எல்லாம் முதலில் முடியட்டும், ட்யூனிங் கடைசியில். சித்திரை வைகாசியில் வேண்டாம், மழை கொட்டுகிற ஐப்பசியிலும் வேண்டாம், பொங்கல் கழிந்து வீடு காய்ந்து நிற்கிற நேரம் தோது. முதல் ட்யூனிங் பேசும்போதே இரண்டாவதுக்கும் தேதி வாங்கிவிடுங்கள், மூன்று நான்கு வாரம் தள்ளி. முப்பது வருஷம் சும்மா கிடந்த கம்பி, ஒரு தடவை இழுத்ததும் அடங்கி நிற்காது, நிச்சயம் கொஞ்சம் இறங்கும். அப்போது வேலை சரியில்லை என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.